பிரஷர் வாஷர் துடிக்கிறதா? தண்ணீர் நுழையும் வாயிலிருந்து தொடங்குங்கள்

கையில் பிடிக்கும் கன்னை அழுத்தியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. ஒரு நொடி கழித்துச் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் மாதிரி தொங்கிப் போகிறது. மறுபடி சீறல், மறுபடி தொய்வு. மோட்டார் சத்தமும் கூடவே ஏறி இறங்குகிறது. காரில் பாதி நுரை காய்ந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இது வரும்.

எங்கள் வீட்டு மெஷின் முதன்முறை இப்படிச் செய்தபோது, பம்பு போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சீல் கிட் வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். எல்லாவற்றையும் மாற்றி மாட்டியும் அதே துடிப்பு. கடைசியில் அகப்பட்டது, தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையில் ஒட்டிக்கிடந்த டெஃப்லான் டேப் துணுக்கு. நகத்தளவுதான். குழாய் மாற்றியபோது நானே சுற்றிய டேப்.

அதற்கப்புறம் வரிசையை மாற்றுவதே இல்லை. தண்ணீர் வரும் பக்கம் முதலில், அடுத்து தண்ணீர் பீச்சும் முனையான நாசில், அடுத்து ஹோஸும் கரண்டும், அப்புறம் பிரஷர் ஏறினால் தண்ணீரைத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு. பம்பைத் திறப்பது கடைசி. கீழே எழுதியிருப்பதும் அதே வரிசைதான். பெரும்பாலும் வீட்டுக்கு வாங்கும் மின்சார வாஷரை மனதில் வைத்து எழுதுகிறேன்: 1400 முதல் 2000 வாட், 100 முதல் 130 பார் (பிரஷரை அளக்கும் அலகு), நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர். வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெல்ட்டில் ஓடும் பெரிய பம்பைப் பற்றி இறுதியில் கொஞ்சம்.

உள்ளே நடப்பது

இந்த மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது மூன்று பிஸ்டன் பம்பு. மோட்டார் ஒரு சாய்வான தட்டைச் சுற்றுகிறது. தட்டின் மேடு எந்தப் பிஸ்டன் மேல் வருகிறதோ அது உள்ளே அழுந்தும். மேடு தாண்டியதும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தண்ணீரை உள்ளே விட ஒரு வால்வு, வெளியே அனுப்ப ஒரு வால்வு. ஆக மொத்தம் ஆறு. எல்லாமே ஒருவழிக் கதவுகள். ஒரு கதவில் மணல் மாட்டினாலும் அந்தப் பிஸ்டன் தள்ளும் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகும்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பம்பு பிரஷரைத் தயாரிப்பதில்லை. தண்ணீரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஓட்டை வழியாக நெருக்கி அனுப்பும்போதுதான் 100 பார் பிறக்கிறது. ஆகவே பிரஷர் குறைந்தால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே. தண்ணீர் போதுமான அளவு போகிறதா? ஓட்டை சரியான அளவில் இருக்கிறதா?

முதலில் நாடி பாருங்கள்

கருவியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் மெஷினை ஓடவிட்டுத் துடிப்பின் வேகத்தைக் கவனியுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

துடிப்பை எண்ண முடிகிறதா? நொடிக்கு ஒரு முறை, இரண்டு முறை என்று ஏறி இறங்குகிறதா? அப்படியானால் பம்பு காற்றை இழுக்கிறது, அல்லது தண்ணீர் போதவில்லை, அல்லது அன்லோடர் வால்வு திறந்து திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேல் சந்தேகமே வேண்டாம்.

எண்ண முடியாத வேகத்தில் அதிர்கிறதா? கன்னைப் பிடித்த கை மரத்துப்போகிற மாதிரி, தரையில் கிடக்கும் ஹோஸ் நடுங்குகிற மாதிரி? அது மூன்று பிஸ்டனில் ஒன்று வேலை நிறுத்தம் செய்வதன் அறிகுறி. மோட்டாரோடு நேரடியாகப் பூட்டிய பம்பு நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால், ஒரு பிஸ்டனின் குறை நொடிக்கு 47 முறை வெளிப்படும். அது துடிப்பாகத் தெரியாது, அதிர்வாகத்தான் தெரியும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. கன்னை விட்டுவிட்டீர்கள், மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் யாரும் தொடாமலே சில நொடிக்கு ஒரு முறை தானாக ஓடி நிற்கிறது. எங்கோ பிரஷர் கசிகிறது என்று பொருள். அதைப் பின்னால் பார்ப்போம்.

பம்புக்குள் ஒரு பிடி கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போல் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் போதாமல் உள்ளே வெற்றிடக் குமிழிகள் உண்டாகி உடைகிற சத்தம் அது. குமிழி சிறிதுதான், ஆனால் உடையும்போது உலோகத்தையே பொத்தல் போடும்.

டர்போ நாசில் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அதன் பீச்சு சுழல்வதே வேலை, துடிக்கத்தான் செய்யும்.

கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள், கன்னை அழுத்தி உள்ளே தங்கிய பிரஷரை வெளியேற்றுங்கள். இந்த மூன்றும் முடியாமல் எந்தத் திருகையும் தொடக் கூடாது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். இந்தப் பீச்சு ஊசி போட்டது போலத் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே பார்த்தால் கொசுக்கடி அளவு காயம், உள்ளே தசை நாசமாகியிருக்கும். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. மெஷின் ஓடும் லைனில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: வாளியும் கடிகாரமும்

மெஷினில் மாட்டும் ஹோஸ் முனையைக் கழற்றி, 10 லிட்டர் வாளியில் விட்டு, குழாயை முழுக்கத் திறந்து நேரம் பாருங்கள். ஹோஸ் முனையில்தான் அளக்க வேண்டும், குழாயில் அல்ல. ஒரு நிமிடத்தில் நிரம்பினால் தாராளம். ஒன்றரை நிமிடம் என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். இரண்டு நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் வருகிறது; 6 லிட்டர் கேட்கும் பம்பு பட்டினி கிடக்கிறது. அது துடிக்காமல் என்ன செய்யும்?

நம் வீடுகளில் இந்தச் சோதனை அடிக்கடி தோற்கும். காரணம் மொட்டைமாடித் தொட்டி. தண்ணீர் மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கீழே 1 பார் கிடைக்கும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் வாசல் குழாய்க்கு அரை பார் கிடைத்தாலே அதிகம். அதிலும் பாதி திறந்த கேட் வால்வு, அரை அங்குலப் பைப், மடங்கிக் கிடக்கும் ஹோஸ் எல்லாம் பங்கு கேட்கும். தீர்வு எளிது. முக்கால் அங்குல ஹோஸ் போடுங்கள், நீளத்தைக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால் குழாயை நம்பாமல் பெரிய டிரம்மிலிருந்து இழுக்க விடுங்கள். மெஷின் தானே இழுக்கும் வகைதானா என்று கையேட்டில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் இன்னொரு வம்பு. வெயிலில் நின்ற தொட்டித் தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாத சூட்டில் வரும். பல வீட்டு மெஷின்களுக்கு உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சூடான தண்ணீர் எளிதில் குமிழி விடும், சீலும் சீக்கிரம் இறுகிப்போகும். காலையில் சரியாக ஓடுகிற மெஷின் மதியம் மட்டும் திணறினால் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 2: நுழைவாயில் வலை

ஹோஸ் மாட்டும் பித்தளை அல்லது பிளாஸ்டிக் இணைப்பைக் கழற்றினால் உள்ளே விரல் நுனி அளவில் ஒரு வலை தெரியும். கூர்மூக்குக் குறட்டால் மெல்ல இழுங்கள். மணல், பாசி, துரு, பைப் அறுத்தபோது விழுந்த பி.வி.சி. சீவல், என் விஷயத்தில் டேப். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் என்றால் வலைக் கண்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும், வினிகரில் ஊறப்போடுங்கள். தொல்லை என்று வலையை எடுத்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மணல் அடுத்துப் போய் உட்காரும் இடம் வால்வு.

படி 3: காற்று

இதுதான் அதிகம் ஏமாற்றுகிற இடம். வெளியே தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வராது. காற்றுதான் உள்ளே போகும். 'பம்பு ஏர் எடுக்குது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

முதலில் உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். கன்னின் முன்னால் மாட்டும் நீளக் குழாயான லான்ஸைக் கழற்றுங்கள். மோட்டாரைப் போடாமலே குழாயைத் திறந்து கன்னை அழுத்திப் பிடியுங்கள். துப்பித் துப்பி வரும். காற்று தீர்ந்ததும் ஒரே சீராக ஒழுகும். இரண்டு நிமிடம் கூட ஆகலாம், பொறுங்கள். பிறகு கன்னை விடாமலே மோட்டாரைப் போட்டு, ஓட்டம் சீரானதும் நிறுத்தி லான்ஸை மாட்டுங்கள்.

சிறிது நேரம் கழித்துத் துடிப்பு திரும்பி வந்தால் காற்று புதிதாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள், இணைப்பில் உள்ள ரப்பர் வாஷரை மாற்றுங்கள். இடம் தெரியவில்லையா? மெஷின் ஓடும்போது இழுக்கும் பக்க இணைப்புகள் மேல் ஒவ்வொன்றாக ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஸ்விட்சும் மோட்டாரும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இணைப்பில் ஊற்றும்போது துடிப்பு ஒரு கணம் அடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. காற்றுக்குப் பதில் ஊற்றிய தண்ணீரை அது இழுத்துக்கொள்கிறது.

டிரம்மிலிருந்து இழுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சாதாரணத் தோட்ட ஹோஸ் இழுவையில் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே நூலோ கம்பியோ பின்னிய ஹோஸ்தான் வேண்டும். ஒளி ஊடுருவும் வகையாக இருந்தால் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்து, ஹோஸை முழுக்கத் தண்ணீரில் முக்கி நிரப்பிவிட்டு மாட்டுங்கள். காலி ஹோஸை மாட்டினால் பம்பு வறண்டு ஓடும். சீலுக்குத் தண்ணீர்தான் மசகு. வறண்டு ஓடும் சில நிமிடம் அதைக் கருக்கப் போதும்.

படி 4: நாசில்

மோட்டார் ஓடும்போது லான்ஸ் இல்லாமல் கன்னில் தண்ணீர் சீராக வருகிறது, லான்ஸ் மாட்டியதும் துடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் நாசில்தான். அடைத்திருந்தால் பிரஷர் எகிறும், அன்லோடர் திறக்கும், பிரஷர் விழும், மூடும், மறுபடி எகிறும். நொடிக்கு ஒன்றிரண்டு முறை துடிக்கும் என்று சொன்னேனே, அது.

கழற்றி, மெல்லிய ஊக்கால் முனைப் பக்கத்திலிருந்து உள்நோக்கிக் குத்துங்கள். அப்போதுதான் குப்பை வந்த வழியே திரும்பும். பிறகு அதே திசையில் குழாய்த் தண்ணீரால் அலசுங்கள். எஃகுத் துரப்பணமோ ஆணியோ வேண்டாம். ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டால் கதை மாறிவிடும். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அதாவது 1 மில்லிமீட்டர் 1.1 ஆனால், அதே தண்ணீருக்கு 100 பார் ஏறத்தாழ 68 பாராக இறங்கிவிடும். விட்டத்தை நாலு முறை தன்னோடு பெருக்கிய கணக்கில் (1.1 × 1.1 × 1.1 × 1.1) பிரஷர் சரிவதால் இந்த வீழ்ச்சி. மணல் கலந்த தண்ணீரில் நாசில் தானாகவே இப்படித் தேயும். விசிறியின் ஓரம் கலைந்து, நடுவில் கோடு கோடாகப் பிரிந்து வந்தால் மாற்றிவிடுங்கள். பம்போடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு.

இன்னொன்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. திருகி மாற்றும் லான்ஸ் குறைந்த பிரஷர் நிலையில் இருந்தால், அல்லது சோப்புக்கான கறுப்பு நாசில் மாட்டியிருந்தால், எந்த மெஷினாக இருந்தாலும் பிரஷர் வராது. சோப்பு நிலையில் வைத்துவிட்டு, காலியான சோப்புக் குழாய் காற்றை இழுத்து, அதனால் பீச்சு துப்புவதும் உண்டு. எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

படி 5: 20 லிட்டர் சோதனை

பம்பு நலமா என்று திறக்காமலே தெரிந்துகொள்ள நான் நம்புவது இதைத்தான். 20 லிட்டர் வாளியிலிருந்து இழுக்கவிட்டு, முழுப் பிரஷரில் அடித்து, எவ்வளவு நேரத்தில் காலியாகிறது என்று பாருங்கள். கடைசிச் சொட்டு வரை போகாமல் அடியில் நாலு விரல் உயரம் விட்டு நிறுத்தி, குறைந்த அளவைக் கணக்கிடுங்கள். மெஷின் லேபிளில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று இருந்தால் 15 லிட்டர் குறைய இரண்டரை நிமிடம் ஆக வேண்டும்.

கணக்கு ஒத்துப்போகிறது, ஆனால் பிரஷர் இல்லை என்றால் பம்பு நல்ல பிள்ளை, நாசில் தேய்ந்திருக்கிறது. தண்ணீர் இழுப்பதே குறைவு, ஆனால் படி 1 முதல் 3 வரை எல்லாம் சரி என்றால் தண்ணீர் உள்ளேயே சுற்றுகிறது, அல்லது மோட்டார் வேகம் குறைந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, கையில் அதிர்வும் இருக்கிறது என்றால் ஒரு பிஸ்டனின் வால்வு போய்விட்டது. நேராகப் படி 8.

படி 6: ஹோஸ், கரண்ட்

இதில் அதிக நேரம் வேண்டாம். பிரஷர் ஹோஸின் உள்தோல் உரிந்து மடங்கினால் உள்ளேயே ஒரு தடுப்பு உண்டாகும். வேறு ஹோஸ் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். கன் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கைப் பாருங்கள். மாலை நேரத்தில் வோல்டேஜ் சரிந்தாலும், மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரை நீளமாக இழுத்திருந்தாலும் மோட்டார் வேகம் குறையும், பிரஷரும் கூடவே போகும். வயர் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும், சுருட்டி வைக்காமல் பிரித்துப் போடுங்கள். கீச்சென்று கத்தும் வகை மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் சுருதி இறங்கும்.

படி 7: அன்லோடர்

கன்னை மூடியதும் பம்பு தள்ளும் தண்ணீர் எங்கே போகும்? அதற்கு வழிவிடுவதுதான் அன்லோடர். பிரஷர் ஏறியதும் திறந்து தண்ணீரைப் பம்பின் நுழைவாயிலுக்கே திருப்பிவிடும். வீட்டு மெஷின்களில் அதோடு ஒரு ஸ்விட்சும் சேர்ந்து மோட்டாரையே நிறுத்திவிடும். இதன் தண்டில் உப்பு படிந்தோ ஓ-ரிங் கிழிந்தோ பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வெளியே வராமல் உள்ளேயே வட்டமடிக்கும். கன்னை விட்டபின் மோட்டார் தானாக ஓடி நிற்பதற்கும் காரணம் இந்தப் பக்கமுள்ள ஒருவழி வால்வின் கசிவுதான். அதற்கு முன் ஹோஸிலும் கன்னிலும் சொட்டு இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். ஸ்பிரிங் குதித்து ஓடும், கையால் மூடிக்கொண்டு திருகுங்கள். தண்டைத் துடைத்து, உப்பை நீக்கி, ஓ-ரிங்கை அதே அளவில் மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸ் வேண்டாம்; சில வகை ரப்பர் அதில் ஊதிப்போகும். திருகு வைத்த அன்லோடராக இருந்தால், பிரஷர் போதவில்லை என்று அதை இறுக்கத்தான் கை துறுதுறுக்கும். தேய்ந்த நாசிலை இறுக்கி ஈடுகட்ட முடியாது. மோட்டார்தான் புகையும்.

படி 8: இப்போது பம்பு

இங்கே வந்தவர்களுக்கு ஆலன் கீ அல்லது நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவர், சின்னக் காந்தம், வெள்ளைத் துணி, வெளிச்சம் வேண்டும். தலைப்பகுதி போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தம் இருக்கிறது.

ஆறு வால்வையும் எடுத்து, எது எங்கே இருந்தது என்ற வரிசையிலேயே துணியில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கழுவி, இரண்டு பக்கமும் வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. இரு பக்கமும் போகிறதென்றால் அதுதான் குற்றவாளி. மணல் என்றால் அலசினாலே போகும். உப்பு என்றால் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் ஆசிட்டை இரண்டு ஸ்பூன் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அலுமினியத் தலையை அதில் போடாதீர்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலும் ஆறையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஒன்று போனபின் மற்றவை ரொம்ப நாள் தாங்குவதில்லை.

பிறகு பிஸ்டன் சீல். அடியில் சொட்டுகிறதா என்று ஓடும்போதே கவனித்திருப்பீர்கள். நிமிடத்துக்கு மூன்று சொட்டு வரை சில கையேடுகளே அனுமதிக்கின்றன. தாரையாக ஒழுகினால் சீல் முடிந்தது. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் எண்ணெய்க்குள் போயிருக்கிறது, எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். புது சீல் போடும் முன் பிஸ்டனை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தால், எத்தனை சீல் போட்டாலும் அது தின்றுவிடும். பிஸ்டனும் கீறி, தலையிலும் விரிசல் இருந்தால் உதிரி பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிளாஸ்டிக் தலை வைத்த சின்ன மெஷின்களில் பல சமயம் புதிது வாங்குவதே லாபம்.

மாட்டும்போது சீலை நனைத்து, அதே எதிரெதிர் முறையில் போல்ட்டை இறுக்குங்கள். கை பலத்தைக் காட்ட வேண்டாம், அலுமினிய மரை எளிதில் போய்விடும். பிறகு படி 3-ல் சொன்ன மாதிரி காற்றை வெளியேற்றிவிட்டு ஓட்டுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கடைப் பம்பு

ஹெச்.டி.பி. என்று சொல்லும் இந்தப் பம்பிலும் மூன்று பிஸ்டன்தான். ஆனால் பெல்ட்டில் 800 முதல் 1000 சுற்றுதான் ஓடும், பிரஷரும் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 40 கிலோதான் (ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு பார்). வேகம் குறைவு என்பதால் ஒவ்வொரு தள்ளலும் தனித்தனியாகத் தெரியும். அதை மழுப்பத்தான் தலையில் குடம் மாதிரி காற்றறை வைத்திருக்கிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று மெத்தை போல வேலை செய்கிறது. நாளாக ஆகத் தண்ணீர் அந்தக் காற்றைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். மெத்தை போனதும் கேஜ் முள் வெடவெடக்கும், ஹோஸ் உதைக்கும். பம்பை நிறுத்தி, பிரஷரை இறக்கி, அறையைக் கழற்றி முழுக்க வடித்துவிட்டு மாட்டினால் பல சமயம் அதோடு சரியாகிவிடும். உள்ளே ரப்பர் சவ்வு உள்ள வகை என்றால் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிரீஸ் கப் மூடியை ஓடும் நேரத்தில் அவ்வப்போது அரைத் திருகு கொடுக்காவிட்டால் பாக்கிங் வறண்டு, பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீச்சும். ரெகுலேட்டரின் குண்டும் அது உட்காரும் இடமும் தேய்ந்தால், கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் பைபாஸ் ஹோஸில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். முள் ஏறாது. கன்னை அழுத்தும்போது மட்டும் பிரஷர் விழுந்து, மோட்டார் பக்கம் கீச்சென்று சத்தமும் தரையில் கறுப்புத் தூளும் தென்பட்டால், பம்பை விட்டுவிடுங்கள். பெல்ட் வழுக்குகிறது. மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் மட்டும் அமுங்கும் அளவுக்குப் பெல்ட்டை இழுத்துக் கட்டுங்கள்.